‘அக்கா’ என்று கூப்பிட்டவர்

நான்கு வருடம் என்னை ‘அக்கா’ என்று கூப்பிட்ட ஒருவர், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ‘மேடம்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். முந்தின நாள் மாலைதான் ராஜினாமாக் கடிதம் கொடுத்திருந்தார். அந்த ஒரு சொல் மாறியதை நான் மூன்று வருடமாக மனதில் வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். வேலை மாறுவதைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது பேர் கொண்ட டீமைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த ஒன்பது பேரில் அவர்தான் எல்லோரும் சந்தேகம் கேட்கப் போகிற ஆள். திங்கட்கிழமை மாலை, மற்றவர்கள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், “அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம்” என்று வந்து நின்றார். மின்னஞ்சலிலேயே அனுப்பியிருக்கலாம். ஆனால் கடிதத்தை அச்செடுத்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். மடிப்புகளைப் பார்த்தால் பல நாள் பையிலேயே இருந்த காகிதம் மாதிரி இருந்தது. பிரித்துப் படித்தேன். “சொந்தக் காரணங்களுக்காக” என்று இருந்தது. நான் அடுத்தடுத்து மூன்று கேள்வி கேட்டேன். எந்தக் கம்பெனி? ஏன் முன்னாடியே சொல்லல? வருஷக் கணக்கு முடிக்கிற நேரம்னு தெரியும்ல? முதல் இரண்டுக்கும் அவர் பதில் சொல்லவில்லை. மூன்றாவதுக்கு மட்டும், “தெரியும். எல்லாத்தையும் எழுதி வெச்சிட்டுத்தான் போவேன்” என்றார்.

அன்று இரவு அந்தப் பேச்சை நினைத்துப் பார்த்தபோது என்மேல் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. நியாயமான கேள்விகள் என்றுதான் நினைத்தேன். அந்த மூன்றில் ஒன்றுகூட அவரைப் பற்றியது இல்லை என்பது எனக்கு உறைக்க இரண்டு மாதம் ஆனது.

அறுபது நாள்

அவருடைய நோட்டீஸ் பீரியட் அறுபது நாள். முதல் வாரத்திலேயே அடுத்த வருடத் திட்டமிடல் கூட்டத்துக்கான பட்டியலில் இருந்து அவர் பெயரை எடுத்துவிட்டேன். போகிறவரை எதற்கு உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்தேன். புது மென்பொருள் பயிற்சியில் அவருக்கு ஒதுக்கியிருந்த இடம் வேறொருவருக்குப் போனது. டீமில் யாரோ புதிதாக ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள், அதில் அவரைச் சேர்க்கவில்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. சண்டையில்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. அவரும் எப்போதும் வரும் நேரத்துக்கு வந்தார், அதே நாற்காலியில் உட்கார்ந்தார், வேலையைப் பிசகில்லாமல் செய்தார். மாலையில் எல்லோரும் நின்று பேசுகிற ஜன்னல் ஓரத்துக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

இடையில் என் மேலதிகாரி, “சம்பளம் கூட்டிக் கொடுத்துப் பார்க்கலாமே” என்றார். கேட்டுப் பார்த்தேன். வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிட்டார். கடிதம் கையில் வந்தபிறகு ஒருவருடைய மதிப்பைக் கூட்டுவது அவரைக் கௌரவப்படுத்துவதாகாது என்பது என் கருத்து. அதே தொகையை ஆறு மாதம் முன்னால் யோசித்திருந்தால் அதற்கு ஓர் அர்த்தம் இருந்திருக்கும்.

அந்த அறுபது நாளும் அவர் ஒரு ஹேண்டோவர் கோப்பு எழுதிக்கொண்டிருந்தார். வழக்கமாக இரண்டு பக்கத்தில் முடிகிற விஷயம். அவருடையது 31 பக்கம். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதோடு அவர் நிறுத்தவில்லை. ஒரு வாடிக்கையாளரைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்: “இவர்கள் தொகையை இரண்டாகப் பிரித்து அனுப்புவார்கள். முதலில் வருவதில் பில் எண் இருக்காது. பதற வேண்டாம், போன் செய்யவும் வேண்டாம். மூன்றாம் நாள் மீதி வரும், அதில் எண் இருக்கும்.” இன்னோர் இடத்தில், ஒரு குறிப்பிட்ட அறிக்கையை மதியத்துக்கு மேல் எடுத்தால் ஏன் சில ரூபாய் வித்தியாசம் வரும் என்று படிப்படியாக விளக்கியிருந்தார். அந்த வித்தியாசத்தை மாதாமாதம் அவர் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்துகொண்டிருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் அவரைப் பட்டியல்களில் இருந்து எடுத்துக்கொண்டிருந்த நாட்களில், அவர் எங்களுக்காக இதை உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

பிறகு கடைசி வாரம் வந்தது. வெளியேறுகிறவர்கள் நிரப்பித் தர வேண்டிய படிவத்தில் நானும் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாக் கேள்விக்கும் நேராக ‘திருப்தி’ என்று டிக் அடித்திருந்தார். குறைகள், ஆலோசனைகள் என்று விட்டிருந்த இடமெல்லாம் காலி. “ஏதாவது எழுதுங்களேன்” என்றேன். “எழுதி என்ன ஆகப்போகுது மேடம்” என்றார். அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னை உட்கார வைத்தது. அப்புறம்தான், அறுபது நாளில் முதல்முறையாக, “இங்கிருந்து போய் என்ன பண்ணப்போறீங்க?” என்று கேட்டேன்.

இரண்டு வருடமாக மாலை வகுப்புகளில் சைகை மொழியும் சிறப்புக் கல்வியும் படித்துக்கொண்டிருந்தாராம். காது கேளாத குழந்தைகளுக்கான ஒரு பள்ளியில் பயிற்சி ஆசிரியராகச் சேரப்போகிறார். சொல்லும்போதே கைகள் தன்னால் அசைந்தன. நான்கு வருடம் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்த மனிதரின் கைகள் அப்படி அசைந்து நான் பார்த்ததே இல்லை. “ரெண்டு வருஷமாவா? ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?” என்று திரும்பவும் கேட்டேன். இந்த முறை பதில் சொன்னார். “போன வருஷம் அவங்க வேற இடத்துல இன்டர்வியூக்குப் போனது தெரிஞ்சதும் என்ன ஆச்சுன்னு பார்த்தேனே மேடம்.”

‘அவங்க’ யார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் டீமில் இருந்த ஒரு பெண். வேறு இடத்தில் வேலை தேடுகிறார் என்று காற்றுவாக்கில் என் காதுக்கு வந்தது. அந்த வருடப் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இருந்த வரியில் வேறொரு பெயரை எழுதினேன். போகப்போகிறவருக்குக் கொடுத்து வீணாக்குவானேன் என்பது என் கணக்கு. அவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. ஒரு வருடம் பதவி உயர்வும் இல்லாமல் எங்களோடு இருந்தார், பிறகு போய்விட்டார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் ஒருவர் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை என்னிடம் மறைத்திருக்கிறார்.

நாற்காலி இருக்கும், வேலை இருக்காது

அதன்பிறகு இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். படித்ததில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது மாரியென்தால் என்கிற ஊரின் கதை. வியன்னாவுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர். ஊரே நம்பியிருந்த நெசவாலை, உலகப் பொருளாதார மந்தத்தின் தொடக்கத்தில் மூடப்பட்டது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் செய்சல் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் அவர்களுடைய குழுவும் அங்கே போய், வேலை போனவர்களின் நாட்கள் எப்படிக் கழிகின்றன என்று பார்த்தார்கள். 1933-ல் அது புத்தகமாக வந்தது. மக்கள் தெருவில் நடக்கிற வேகத்தைக்கூட அளந்திருக்கிறார்கள். ஆண்கள் பெண்களைவிட மெதுவாக நடந்தார்கள், வழியில் அடிக்கடி நின்றார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் இருந்து எடுத்துப்போன புத்தகங்களின் எண்ணிக்கை இரண்டே வருடத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துபோனது.

யஹோடா பின்னாளில் இதை வைத்து ஒன்று சொன்னார். வேலை சம்பளத்தோடு சேர்த்து இன்னும் ஐந்து விஷயங்களைத் தருகிறது: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்களோடு பழக்கம், பலர் சேர்ந்து செய்கிற ஒரு காரியத்தில் பங்கு, சமூகத்தில் ஓர் இடம், கைக்கும் மூளைக்கும் ஓயாத ஈடுபாடு. படித்தபோது அந்த அறுபது நாள்தான் கண்முன் வந்தது. அவர் வேலை போனவர் இல்லை, சம்பளம் முழுதாக வாங்கிக்கொண்டிருந்தவர். நாள் ஒழுங்கும் அவரிடம் இருந்தது. ஆனால் பழக்கம், கூட்டுக் காரியத்தில் பங்கு, இடம் ஆகிய மூன்றையும் நாங்கள் நாற்காலியை மட்டும் விட்டுவைத்துவிட்டு எடுத்துக்கொண்டோம். ஈடுபாட்டை மட்டும் அந்த 31 பக்கம் எழுதி அவராகவே காப்பாற்றிக்கொண்டார்.

வில்லியம் பிரிட்ஜஸ் என்கிற அமெரிக்க ஆலோசகர் மாற்றம் வேறு, கடந்துபோவது வேறு என்று பிரித்துக் காட்டினார். மாற்றம் ஒரு தேதியில் நடந்துவிடும். மனம் அதைக் கடந்துபோக நாளாகும். அப்படிக் கடந்துபோவது ஒரு முடிவில் தொடங்கி, நடுவில் இங்கேயும் இல்லாத அங்கேயும் இல்லாத ஒரு காலத்தைத் தாண்டி, அப்புறம்தான் புதிய தொடக்கத்துக்குப் போகும் என்றார். வேலை மாறிய யாருக்கும் அந்த நடுக்காலம் தெரியும். பழைய இடத்தில் நம் பேச்சுக்கு எடை குறைந்துவிடும், புது இடத்தில் நம் பெயரே இன்னும் யாருக்கும் தெரியாது. நோட்டீஸ் பீரியட் என்பது அந்த நடுக்காலத்தின் முதல் பாதி. துணை தேவைப்படுகிற நேரம் அதுதான். நாங்கள் கடைசி நாள் மாலை அரை மணி நேரம் கைதட்டி வழியனுப்புவதைத் துணை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நிறுவனங்கள் ஒருவர் போவதைக் கசிவாகப் பார்ப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஃபோர்டு தொழிற்சாலையில் 1913-ஆம் வருடம் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க 52,000-க்கும் மேற்பட்டவர்களைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு ஆட்கள் வந்தும் போயும் இருந்தார்கள். 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு ஒரு நாளுக்கு ஐந்து டாலர், எட்டு மணி நேர வேலை என்று அறிவித்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம். அதன்பிறகு வெளியேற்றம் மளமளவென்று குறைந்தது. அங்கே மனிதர்கள் வேலையைத் தாங்க முடியாமல் ஓடினார்கள், அதைத் தடுத்தது சரிதான். ஆனால் என் டீமில் இருந்தவர் எதையும் விட்டு ஓடவில்லை, ஒன்றை நோக்கிப் போனார். இந்த இரண்டையும் ஒரே பத்தியில் எழுதி ‘இழப்பு’ என்று கூட்டுகிறோம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை ஒரு தலைமுறையையே பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து வருகிறது. 1957 முதல் 1964 வரை பிறந்தவர்கள் அவர்கள். 18 வயதில் இருந்து 54 வயதுக்குள் ஒருவர் சராசரியாக 12.4 வேலை பார்த்திருக்கிறார். வேலை மாறாமல் இருந்த பழைய தலைமுறை என்று நாம் சொல்கிற ஆட்களே இவர்கள்தான். ஒருவர் நம்மிடம் இருப்பது அவர் பாதையில் ஒரு பகுதிதான் என்று ஏற்றுக்கொண்டால், பேச்சின் தொனியே மாறிவிடும்.

நிறுவனமே ஆட்களை அனுப்பும்போது

அவர் விரும்பிப் போனவர். அனுப்பப்படுகிறவர்களின் நிலைமை இதைவிடக் கடினம். அதில் ஒரே நிறுவனம் இரண்டு விதமாக நடந்துகொண்ட கதை ஒன்று உண்டு. 2008 ஜனவரியில் நோக்கியா, ஜெர்மனியின் போஹும் நகரில் இருந்த ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. 2,300 பேரின் வேலை. ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள், அந்த நிறுவனத்தின் போன்களைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். அந்தக் காயத்தில் கற்றுக்கொண்டு, 2011-ல் இன்னும் பெரிய ஆட்குறைப்பு வந்தபோது ‘பிரிட்ஜ்’ என்ற பெயரில் வேறு மாதிரி செய்தார்கள். 13 நாடுகளில் 18,000 பேர். நிறுவனத்துக்குள்ளேயே வேறு வேலை, வெளியே வேலை, சொந்தத் தொழில், புதிய படிப்பு, தன்னார்வப் பணி போல வேறொரு பாதை என்று வழிகளைத் திறந்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பணமும் ஆளும் ஒதுக்கினார்கள். வேலையின் கடைசி நாளில், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்குத் தெரிந்திருந்தது.

ஸ்வீடனில் இதை ஒரு நிறுவனத்தின் நல்ல மனதுக்கு விடவில்லை. முதலாளிகள் அமைப்பும் அலுவலக ஊழியர் சங்கங்களும் ஒப்பந்தம் போட்டு 1974-ல் டி.ஆர்.ஆர். என்று ஒரு மன்றம் வைத்தார்கள். நிறுவனங்கள் தொடர்ந்து அதற்குப் பணம் கட்டிவரும். ஆட்குறைப்பில் வேலை இழப்பவருக்கு அங்கே தனக்கென்று ஓர் ஆலோசகர் கிடைப்பார். எனக்கு இதில் பிடித்தது, நல்ல நாட்களிலேயே கெட்ட நாளுக்கு எடுத்துவைக்கிற அந்தப் பழக்கம். வேலை போகிற அன்று அவசரமாகக் கருணை தேட வேண்டியதில்லை.

மூன்றாவது சுற்றில் வந்த பதில்

நான் ஒன்பது பேருக்குப் பொறுப்பாளர், அவ்வளவுதான். என்னால் மன்றமும் வைக்க முடியாது, 13 நாட்டில் திட்டமும் போட முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரிடமும் வேலையைப் பற்றி இல்லாத ஒரு பேச்சு வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். “ரெண்டு வருஷம் கழிச்சு என்ன பண்ணிட்டு இருக்கணும்னு ஆசைப்படறீங்க? இங்கேயேதான் இருக்கணும்னு இல்ல.” முதல் சுற்றில் ஒன்பது பேரும் இங்கேயேதான் என்றார்கள். இரண்டாவது சுற்றிலும் அதேதான். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணுக்கு நடந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். நான் கேட்டதை நம்புவதற்கு அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

மூன்றாவது சுற்றில் ஒரு பெண், தரவுப் பகுப்பாய்வு பக்கம் போக ஆசை, இன்னும் ஒன்றரை வருடத்தில் மாறிவிட நினைக்கிறேன் என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடப் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயரை எழுதினேன். விஷயம் எப்படியோ மேலே போயிருந்தது. “அவங்க போயிடுவாங்கன்னு சொல்றாங்களே, எதுக்கு?” என்று மேலதிகாரி கேட்டார். “பதவி உயர்வு போன வருஷ வேலைக்குத்தானே கொடுக்கிறோம், அடுத்த வருஷம் இருப்பாங்கன்னு இல்லையே” என்றேன். இருபது நிமிடம் வாக்குவாதம் நடந்தது. பட்டியல் அப்படியே போனது. அவர் பதினான்கு மாதம் கழித்துப் போனார். அதற்குள் தன் இடத்துக்கு ஒருவரைத் தானே பழக்கியிருந்தார். கடைசி வாரம் வரை எல்லாக் கூட்டத்திலும் இருந்தார்.

எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. இன்னொருவர் அதேபோல நம்பிச் சொன்னதை, ஒரு கூட்டத்தில் திட்ட ஒதுக்கீடு பேசும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவரிடம் இருந்த வேலை வேறு ஆளுக்குப் போனது. திருப்பி வாங்கித்தர முயன்றேன், முடியவில்லை. அவர் இப்போதும் என் டீமில்தான் இருக்கிறார். ஆறு மாதப் பேச்சில் இங்கேயேதான் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

போனவர்களோடு தொடர்பு வைத்துக்கொள்வதையும் அப்போதுதான் ஆரம்பித்தேன். அதன் பலன் எதிர்பாராத இடத்தில் வந்தது. போன வருடம் எங்கள் நிறுவனம் ஒரு பிரிவை மூடியபோது, பல வருடம் அங்கே வேலை பார்த்த ஒருவருக்கு அடுத்த இடம் கிடைத்தது, நான்கு வருடம் முன்னால் எங்களை விட்டுப் போன ஒருவர் மூலமாக. இது தற்செயல் இல்லை என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-லேயே எழுதியிருக்கிறார். தெரிந்தவர்கள் மூலமாக வேலை மாறியவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் 16.7 சதவீதம் பேர்தான். எப்போதாவது என்றவர்கள் பாதிக்கும் மேல். 27.8 சதவீதம் பேர் அபூர்வமாகத்தான் பார்ப்பேன் என்றார்கள். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததேதான் தெரியும். தூரத்தில் இருக்கிறவருக்குத்தான் நமக்குத் தெரியாத கதவுகள் தெரியும். ஒருவர் வேலை மாறிப்போவது என்பது நம்மில் ஒருவர் தூரத்துக்குப் போய் நிற்பது. வழியனுப்பும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால், அந்தக் கதவை நாமே அடைக்கிறோம்.

அவர் இப்போது முழுநேர ஆசிரியர். போன வருடம் பள்ளியின் கணக்கில் ஒரு சந்தேகம் என்று எனக்குப் போன் செய்தார். ஒரு மணி நேரம் பேசினோம், பாதி நேரம் அவருடைய பிள்ளைகளைப் பற்றித்தான். ‘மேடம்’ என்றுதான் கூப்பிட்டார், மாற்றிக் கூப்பிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த முறை வருடக் கணக்கு முடிக்கிற நேரத்தில் ஒரு தொகை வந்தது, பில் எண் இல்லாமல். சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு பையன்தான் அதைப் பார்த்தான். நான் போனை எடுக்கப் போனேன். “வேண்டாம்க்கா, மூணாம் நாள் மீதி வரும்னு கோப்புல எழுதியிருக்கு” என்றான். அவரை அவன் பார்த்ததே இல்லை. போனைக் கீழே வைத்தேன். வியாழக்கிழமை காலை மீதித் தொகை வந்திருந்தது, பில் எண்ணோடு.